வெளிநாட்டு லேபோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய அரசிடம் பணம் கேட்பது எப்படி: வேலூர் பக்கத்திலிருந்து

"ஜெர்மனியிலிருந்து ஒரு புரொஃபசர் மெயில் போட்டிருக்கார் சார், சேர்ந்து வேலை செய்யலாம்னு சொல்றார், பணத்துக்கு எங்கே போறது?" இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது எனக்கு வந்துவிடுகிறது. ஒரு தடவை கல்யாணப் பந்தியில், இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் வேலூர் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். வெளிநாட்டோடு கூட்டாக இரண்டு புராஜெக்ட் கிடைத்தது, மூன்று கைவிட்டுப் போனது. கிடைத்ததைவிடப் போனதில்தான் விஷயம் தெரிந்தது.

முதலில் பணம் எந்த வழியாக வருகிறது என்பது தெளிவாகிவிட வேண்டும், ஏனென்றால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் தப்பாகப் பிடிக்கிறார்கள். ஜெர்மனிக்காரர் பணம் அனுப்புவார், நாம் இங்கே செலவு செய்வோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு நாட்டு அரசும் ஒப்பந்தம் போட்டிருக்கும், நம் பக்கத்து வேலைக்கு நம் அரசு தரும், அவர் பக்கத்து வேலைக்கு அவர் அரசு தரும். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடுச்சுவர் எழுப்புகிற மாதிரி, அவரவர் செங்கல்லுக்கு அவரவர் காசு. அதனால் ஒரே ஆராய்ச்சிக்கு இரண்டு விண்ணப்பம் போக வேண்டும், இங்கே நீங்கள் ஒன்று, அங்கே அவர் ஒன்று. இரண்டு பக்கமும் தனித்தனியாக மதிப்பிடுவார்கள், அப்புறம் கூட்டுக் குழு உட்கார்ந்து இரண்டு பக்கமும் தேறியவற்றை மட்டும் எடுக்கும். ஒரு பக்கத்து விண்ணப்பம் மட்டும் வந்திருந்தால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

என் முதல் புரொபோசல் இப்படித்தான் போனது. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக எழுதினேன், நம் பக்கத்தில் சரியாக ஏற்றினேன், அந்தப் பக்கத்து நண்பர் "எல்லாம் ரெடி" என்று மெயில் போட்டார், நானும் நிம்மதியாகத் தூங்கினேன். அவர் ரெடி என்று சொன்னது எழுதி முடித்ததை, அவருடைய நாட்டுப் போர்ட்டலில் ஏற்றியதை அல்ல. அங்கே கடைசித் தேதி நமக்கு இரண்டு நாள் முன்பாகவே முடிந்திருந்தது. எனக்கு அது தெரிந்ததே நாலு மாதம் கழித்து, ஒரே வரிப் பதிலில். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: அவர் ஏற்றிய பிறகு வருகிற ஒப்புகை எண்ணை எனக்கு அனுப்பச் சொல்வேன், என்னுடையதை அவருக்கு அனுப்புவேன், தலைப்பு, கால அளவு, இரண்டு பேரின் பெயர் எல்லாம் இரண்டு விண்ணப்பத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பேன். ஜெர்மனி நேரம் நமக்கு வெயில் காலத்தில் மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. "இன்று மாலை" என்று அவர் சொன்னால் எந்த ஊர் மாலை என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

"இதெல்லாம் ஐஐடிக்காரர்களுக்கு, நம்மை யார் சீந்துவார்கள்" என்பது அடுத்து வருகிற பேச்சு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, இப்போது திருப்பத்தூர் மாவட்டம், முன்பு வட ஆற்காடு. 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை வைத்துத் தொடங்கினார்கள், 1972-ல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது உலகத்தில் சில இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் பார்த்து அந்தக் கோளுக்கு வளையம் இருப்பதைக் கண்டுபிடித்தார்களே, அந்தச் சில இடங்களில் காவலூரும் ஒன்று. அப்புறம் நம் சிஎம்சி ஆஸ்பத்திரி. இந்திய-அமெரிக்கத் தடுப்பூசித் திட்டம் என்று 1987-ல் இரண்டு அரசும் தொடங்கியதன் வழியாக வந்ததுதான் ரோட்டாவேக், குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸால் வருகிற வயிற்றுப்போக்கைத் தடுப்பது. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கிடைத்த 116E என்ற வைரஸ் வகையிலிருந்து செய்த அந்தத் தடுப்பூசியை டெல்லி, புனே, வேலூரில் சிஎம்சி என்று மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள், 2016-ல் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. இங்கே ஆரணி ரோட்டில் போகிற குழந்தைக்கு வாயில் ஊற்றுகிற அந்தச் சொட்டு, நாடுகள் சேர்ந்து பணம் போட்டுச் செய்த வேலை. அதனால் ஊரைக் காரணம் சொல்லாதீர்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

டெல்லியில் அறிவியல் தொழில்நுட்பத் துறை, எல்லோரும் சொல்வது டிஎஸ்டி. அதன் சர்வதேச ஒத்துழைப்புப் பிரிவுதான் பெரும்பாலான நாடுகளோடு அறிவிப்பு வெளியிடுகிறது. விண்ணப்பம் இ-பிஎம்எஸ் என்கிற அவர்களுடைய போர்ட்டலில்தான். அறிவிப்பு வராத நாளிலேயே அதில் ஒரு கணக்குத் தொடங்கி, உங்கள் விவரம், கட்டுரைப் பட்டியல் எல்லாம் நிரப்பி வைத்துவிடுங்கள், கடைசி வாரத்தில் இதைச் செய்ய உட்கார்ந்தால் அழுகை வரும்.

இதில் இரண்டு ரகம் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று போக வரச் செலவு மட்டும் தருவது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்டோடு இருப்பது, ஜப்பானின் அறிவியல் வளர்ச்சி அமைப்பான ஜேஎஸ்பிஎஸ்ஸோடு இருப்பது எல்லாம் இந்த வகை, பெரும்பாலும் இரண்டு வருஷம். ஆட்கள் போய் வருவதற்குத்தான் பணம், கருவி வாங்கத் தர மாட்டார்கள், ஆராய்ச்சி உதவியாளர் சம்பளமும் எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்று முழுப் புராஜெக்ட்: ஆள், கெமிக்கல், பயணம், சில சமயம் சிறு கருவி. முதல் தடவை கேட்கிறவர்களுக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன். பணம் கொஞ்சம்தான், ஆனால் அந்த லேபில் மூன்று வாரம் நின்று வேலை செய்துவிட்டு, சேர்ந்து ஒரு பேப்பரும் போட்டுவிட்டு வந்தீர்களென்றால் அடுத்த பெரிய விண்ணப்பத்தில் "நாங்கள் ஏற்கனவே சேர்ந்து வேலை செய்தவர்கள்" என்று எழுதலாம், அந்த ஒரு வரிக்கு இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

இரண்டு நாடும் சேர்ந்து தனி அமைப்பாகவே வைத்திருப்பவை சில உண்டு. பிரான்ஸோடு செஃபிப்ரா, 1987-லிருந்து இருக்கிறது, அடிப்படை ஆராய்ச்சிக்கு நல்ல இடம், பொதுவாக மூன்று வருஷம். அமெரிக்காவோடு ஐயுஎஸ்எஸ்டிஎஃப், 2000-ல் வந்தது. ஜெர்மனியோடு ஐஜிஎஸ்டிசி, இதன் "டூ பிளஸ் டூ" முறையில் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு தொழிற்சாலையும் சேர வேண்டும். நம் பக்கத்துக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஜெர்மனிக்குத் தோலும் ஷூவும் அனுப்புகிற கம்பெனிகள் இருக்கின்றன, அங்கே வாங்குகிற கம்பெனியின் பெயரும் போன் நம்பரும் அவர்கள் கையில் இருக்கிறது, நாம் போய்க் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவோடு 2006-லிருந்து ஏஐஎஸ்ஆர்எஃப் இருக்கிறது, இதை இங்கே டிஎஸ்டியும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் பார்த்துக்கொள்கின்றன.

கல்வி அமைச்சகத்தின் ஸ்பார்க் என்கிற கூட்டு ஆராய்ச்சித் திட்டம் 2018-ல் வந்தது, ஐஐடி கரக்பூர் நடத்துகிறது. இதற்குக் கல்லூரியின் தரவரிசையைப் பார்ப்பார்கள், அதனால் விஐடி மாதிரி இடத்தில் இருப்பவர்கள் நேராகக் கேட்கலாம், மற்றவர்கள் முதலில் தகுதிப் பக்கத்தைப் படித்துவிட்டு உற்சாகப்படுங்கள். பழைய பிடிஎஃப்களில் ஆராய்ச்சிக்குப் பணம் தந்த செர்ப் என்ற மத்திய அமைப்பின் பெயரைப் பார்த்தால், அது 2023-ல் வந்த சட்டத்தின்படி ஏஎன்ஆர்எஃப் என்ற அமைப்புக்குள் போய்விட்டது, பழைய படிவத்தைத் தரவிறக்கி நிரப்பி உட்கார வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஆராய்ச்சி நிதித் திட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2021 முதல் 2027 வரை ஓடுகிற திட்டம் அது, இந்திய நிறுவனம் கூட்டாளியாகச் சேரலாம், ஆனால் தானாகப் பணம் கிடைக்கிற நாடுகளின் பட்டியலில் நாம் இல்லாததால் நம் பங்குக்கு வேறு வழி பார்க்க வேண்டும். தனி ஆளாகப் போகிறவர்களுக்கு அதிலேயே மேரி கியூரி ஃபெலோஷிப் இருக்கிறது, அது எந்த நாட்டுக்காரரும் கேட்கலாம்.

கல்லூரி சின்னது, லேபில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரும் நாலு பர்னரும்தான் என்றால், தனியாக நிற்காமல் ஒரு பெரிய இடத்தை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் சம்பந்தமென்றால் அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமான சிஎல்ஆர்ஐ, மருத்துவம் என்றால் சிஎம்சி. அவர்களிடம் கருவி இருக்கும், நம்மிடம் களம் இருக்கும்.

ஆளைப் பிடிப்பது

உலகத்தில் இருக்கிற எல்லாப் பேராசிரியர்களுக்கும் ஒரே மெயிலை அனுப்புகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி மூன்று பக்கம் பயோடேட்டா. அதை யாரும் படிப்பதில்லை. நான் பதில் வாங்கிய மெயில் எட்டு வரிதான். உங்களுடைய இந்தப் பேப்பரில் மூன்றாவது படத்தில் குரோமியம் வேரின் தோலில் நிற்கிறது, உள்ளே போகவில்லை என்று காட்டியிருக்கிறீர்கள், எங்கள் ஊரில் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கின நிலத்தில் வளர்கிற புல்லில் உள்ளேயும் போகிறது, மாதிரி என்னிடம் இருக்கிறது, பார்க்க ஆசையா? இவ்வளவுதான். இரண்டாம் நாள் பதில் வந்தது. ராணிப்பேட்டை மண்ணை வேறு யாரும் அவருக்குக் கொடுக்க முடியாது, அது நம் கையில் இருக்கிற சீட்டு.

அவர் சம்மதித்தவுடன் முதலில் பேச வேண்டியது யாருடைய பெயர் முதலில் வரும், காப்புரிமை வந்தால் யாருக்கு எவ்வளவு, மாணவர் யார் போவது. கசப்பாக இருந்தாலும் இப்போதே பேசிவிடுங்கள், இதை எழுத்தில் கேட்கிற அறிவிப்புகளும் உண்டு.

எழுதுவது

புரொபோசல் எழுதுவதைப் பற்றி ஊரெல்லாம் பட்டறை நடக்கிறது, அதையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: இதற்கு ஏன் வெளிநாடு? கூட்டு ஆராய்ச்சி விண்ணப்பங்கள் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், என்னுடைய இரண்டாவது விண்ணப்பம் செத்ததும் இங்கேதான்.

நடந்தது இது. குரோமியத்தில் இரண்டு நிலை முக்கியம், மூன்று இணைதிறன் உள்ளது அவ்வளவு ஆபத்தில்லை, ஆறு உள்ளது விஷம். தோல் பதனிட மூன்றைத்தான் போடுகிறார்கள், ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக் கிடக்கிற குரோமேட் ஆலையின் கழிவு மலையில் இருப்பதோ ஆறு. நிலத்தில், செடியில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கச் சின்க்ரோட்ரான் என்கிற பெரிய துகள் முடுக்கியிலிருந்து வருகிற எக்ஸ்ரே தேவை, ஹாம்பர்க்கில் டெசி ஆராய்ச்சி வளாகத்தில் பெட்ரா-3 என்று அப்படி ஒன்று இருக்கிறது, அதனால் ஜெர்மனி என்று எழுதினேன். நேர்காணலில் ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறதே தம்பி, அங்கே போயிருக்கிறீர்களா?" என்றார். போனதில்லை. மத்தியப் பிரதேசத்தில் நம் அரசே வைத்திருக்கிற சின்க்ரோட்ரானில் இந்த அளவீட்டைச் செய்யலாம் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதோடு கதை முடிந்தது.

அடுத்த வருஷம் இந்தூருக்கு ரயிலேறினேன், மண் மாதிரியை அங்கேயே அளந்தேன், அந்த முடிவை வைத்துக்கொண்டு எழுதினேன்: மொத்த மண்ணில் எந்த நிலை எவ்வளவு என்பது இந்தூரில் கிடைத்துவிட்டது, வேரின் குறுக்குவெட்டில், மைக்ரான் அளவில், எந்தச் செல்லில் எந்த நிலை நிற்கிறது என்று பார்க்க இன்னும் மெல்லிசாகக் குவித்த கதிர் வேண்டும், அதற்கு மட்டும் ஹாம்பர்க். கிடைத்தது. இங்கே செய்யக்கூடியதை இங்கேயே செய்துவிட்டு வந்தவனுக்குத்தான் டிக்கெட் தருகிறார்கள், அது நியாயமும்கூட என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இன்னொரு பக்கம், அவருக்கு என்ன லாபம் என்பதும் எழுத வேண்டும். நாம் மாதிரி அனுப்புகிறவர், அவர் பேப்பர் போடுகிறவர் என்று ஆகிவிட்டால் நம் பக்கத்துக் குழுவே தள்ளிவிடும். வேலையைப் பிரித்துக் காட்டுங்கள். எந்த மாதம், யார், எந்த ஊரில், என்ன. பாலாற்றில் தண்ணீர் வருகிற மாதத்தில் கிணற்று மாதிரி எடுத்துப் பயனில்லை, எல்லாம் நீர்த்துக் கிடக்கும் என்பது ஹாம்பர்க்காரருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும், அதை அட்டவணையில் போடுங்கள்.

பட்ஜெட்டில் குறைத்துக் கேட்டால் கொடுப்பார்கள் என்பது மூடநம்பிக்கை. விமானக் கட்டணத்தை இன்றைக்கு இருக்கிற மலிவான விலைக்குப் போட்டுவிட்டு, பணம் ஒன்றரை வருஷம் கழித்து வரும்போது முழிப்பார்கள். சென்னையிலிருந்து கோடை விடுமுறைச் சமயத்து எகானமி விலையைப் போடுங்கள், விசாக் கட்டணம், காப்பீடு தனி வரி. யார் எதைத் தருகிறார்கள் என்பதையும் அறிவிப்பில் தேடிப் படியுங்கள்: சில திட்டங்களில் டிக்கெட் அனுப்புகிற நாடு, தங்குமிடமும் சாப்பாடும் வரவேற்கிற நாடு, சிலவற்றில் எல்லாமே அனுப்புகிற நாட்டுத் தலையில். முழுப் புராஜெக்டில் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளர், கேட்டால், நெட் அல்லது கேட் தேர்வு தேறியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், மேலே வீட்டு வாடகைப்படி. பழைய 31,000-ஐப் போட்டுவிட்டு அப்புறம் திருத்தம் கேட்டு அலையாதீர்கள்.

அனுமதிகள்

இது சலிப்பான பகுதி, ஆனால் இதைத் தாண்டாமல் போனால் கிடைத்த புராஜெக்டே முடங்கும். செடி, விதை, பாக்டீரியா, பூஞ்சை எதுவானாலும் நாட்டை விட்டு வெளியே போவதென்றால் 2002-ஆம் வருஷத்து உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கே வரும். அதைப் பார்க்கிற தேசிய ஆணையத்தின் தலைமையகம் டெல்லியில் இல்லை, சென்னை தரமணியில், நமக்கு அது ஒரு வசதி, காலையில் காட்பாடியில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் பேசிவிட்டு வரலாம். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆராய்ச்சிக்கு அந்தச் சட்டத்தின் 5-வது பிரிவு விலக்குத் தருகிறது, மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டிருந்தால் மட்டும். புராஜெக்ட் இல்லாமல், நட்புக்காக ஒரு உறையில் போட்டு அனுப்புவதற்கு அந்த விலக்குக் கிடையாது. ஒருவர் என்னிடம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் விதையை நெதர்லாந்துக்கு அனுப்பலாமா, அதற்குத்தான் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியாச்சே என்று கேட்டார். புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றுவது, விதையை வெளியே அனுப்ப அது அனுமதிச் சீட்டு ஆகாது, இரண்டும் வேறு வேறு. மண்ணை அனுப்புவதாக இருந்தால் இன்னொரு தலைவலி, ஐரோப்பாவும் அமெரிக்காவும் அங்கேயே முன் அனுமதி வாங்கிய லேபுக்கு மட்டும்தான் வெளிநாட்டு மண்ணை உள்ளே விடும். அந்தக் காகிதத்தை உங்கள் பார்ட்னர்தான் அங்கே வாங்க வேண்டும், ஆறு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். என் மாதிரி ஒன்று கஸ்டம்ஸில் இரண்டு மாதம் கிடந்து, வேரெல்லாம் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது.

மனிதர்களிடம் ரத்தமோ வேறு மாதிரியோ எடுப்பது, நோயாளிகளின் விவரம் வெளியே போவது என்றால் கல்லூரியின் எதிக்ஸ் கமிட்டி மட்டும் போதாது, சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டி ஒன்று இருக்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் வழியாகப் போக வேண்டும். சிஎம்சியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்ற கல்லூரிக்காரர்கள் நர்சிங் மாணவிகளை வைத்து ஒரு சர்வே எடுத்து வெளிநாட்டுப் பேராசிரியருக்கு அனுப்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்காரர் நேராகப் பணம் அனுப்புகிறேன் என்றால், அறக்கட்டளை நடத்துகிற கல்லூரிக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் குறிப்பிட்ட ஒரு கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும், அங்கிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிடவும் முடியாது, 2020 திருத்தத்திலிருந்து இப்படி. அரசு வழியாக வருகிற பணத்தில் இந்தத் தொல்லை இல்லை என்பதும் நான் அரசுப் பணத்தையே சொல்வதற்கு ஒரு காரணம்.

அரசுக் கலைக்கல்லூரியில் இருப்பவர்களுக்கு வெளிநாடு போகத் தடையின்மைச் சான்று வேண்டும், கோப்பு சென்னை போய் வர வேண்டும். பயணத் தேதிக்கு முன்னால் அல்ல, புரொபோசல் போடும்போதே அந்தக் கோப்பை நகர்த்தத் தொடங்குங்கள்.

கையெழுத்து நாள்

விண்ணப்பத்தில் முதல்வர் அல்லது பதிவாளர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும், லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு, தேதியோடு. எங்கள் முதல்வர், கல்லூரியின் தரத்தை மதிப்பிட வந்த நாக் குழுவோடு உட்கார்ந்திருந்த நாளில் நான் அந்தக் கடிதத்தோடு கதவுக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன். இப்போதெல்லாம் அறிவிப்பு வந்த அன்றே வரைவுக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன், தொகை மட்டும் காலியாக. இன்னொன்று, கடைசித் தேதி வருகிற வாரத்தில் உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள். காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லாமல், சத்துவாச்சாரி பிரவுசிங் சென்டர் ஒன்றில், பக்கத்தில் ஒருவர் ஆதார் திருத்தம் செய்துகொண்டிருக்க, நான் 10 எம்பி பிடிஎஃப்பைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

ஏற்றியவுடன் வருகிற பிடிஎஃப்பை முழுக்கப் படியுங்கள். ஒட்டி வைத்த வாக்கியத்தில் மைக்ரோ குறி கேள்விக்குறியாக மாறிப் போயிருக்கும், மைக்ரோகிராம் கிராமாக ஆகியிருக்கும். அப்புறம் மறந்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், பதில் வர ஆறு மாதமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும்.

பணம் வந்த பிறகு

கல்லூரிக் கணக்கு மத்திய அரசின் பணப் பட்டுவாடா இணையதளமான பிஎஃப்எம்எஸ்ஸில் பதிவாகியிருந்தால்தான் பணம் இறங்கும். ஒவ்வொரு வருஷமும் மார்ச் 31 வரைக்கும் செலவானதற்கு யூசி, அதாவது பணத்தைப் பயன்படுத்தியதற்கான சான்று, கொடுக்க வேண்டும், ஜிஎஃப்ஆர் 12-ஏ என்ற படிவம், கூடவே தலைப்பு வாரியான செலவுக் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்தோடு. இது போகாமல் இரண்டாம் தவணை வராது. இதில் எல்லோரும் விடுகிற தப்பு வட்டி. அந்தப் பணம் வங்கியில் கிடந்தபோது சேர்ந்த வட்டி நம்முடையது இல்லை, மத்திய அரசின் தொகுப்பு நிதிக்கு பாரத்கோஷ் இணையதளம் வழியாகத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். ஏழாயிரத்துச் சொச்சம் வட்டியைக் கட்டாமல், அதைக் கெமிக்கலில் செலவு செய்ததாக நேர்மையாகவே காட்டி, என் இரண்டாம் தவணை எட்டு மாதம் நின்றது. அந்த எட்டு மாதமும் ஜேஆர்எஃப் பெண்ணுக்கு என் கைக்காசிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். இப்போது சில திட்டங்களில் பணம் நம் கணக்கில் தங்காமல், செலவு செய்யும்போது மட்டும் எடுக்கிற ஜீரோ பேலன்ஸ் முறை வந்திருக்கிறது. வட்டித் தொல்லை இல்லை, ஆனால் மார்ச் கடைசியில் எடுக்காதது எடுக்காததுதான், போய்விடும்.

போர்டிங் பாஸைத் தொலைக்காதீர்கள். டிக்கெட் எந்த ஏஜென்ட் மூலம் எடுக்க வேண்டும் என்று ஆணையில் சொல்லியிருந்தால் அப்படியே எடுங்கள், நூறு ரூபாய் குறைவென்று வேறு ஆப்பில் எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

அவர் இங்கே வரும்போது சுற்றுலா விசாவில் வந்து லேபில் நிற்கக் கூடாது, என்ன வேலைக்கு வருகிறாரோ அதற்குரிய விசா வாங்கச் சொல்லி அழைப்புக் கடிதத்தை முன்கூட்டியே அனுப்புங்கள். கல்லூரி விருந்தினர் விடுதியில் தங்க வைத்தால் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்குகிற விவரத்தை ஆன்லைனில் போட வேண்டும், 2025 வரை இதற்கு ஃபார்ம்-சி என்று பெயர், கல்லூரிகளில் பாதிப் பேருக்கு இது என்னவென்றே தெரியாது. தெரியாவிட்டால் காந்தி ரோட்டில் சிஎம்சியைச் சுற்றி இருக்கிற லாட்ஜ் ஏதாவது ஒன்றில் போய்க் கேளுங்கள். வங்கதேசத்திலிருந்து வருகிற நோயாளிகளுக்காகப் போட்டுப் போட்டுப் பழகியவர்கள், ரிசப்ஷனில் இருக்கிற பையன் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவான். எனக்கு அப்படித்தான் ஒருவன் சொல்லிக்கொடுத்தான், பாஸ்போர்ட்டின் எந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்வது என்பது வரைக்கும்.

கடைசி நாள் அவரை ஆம்பூருக்கு பிரியாணி சாப்பிடக் கூட்டிப் போவீர்கள், போகாமல் இருக்க முடியாது, போகிற வழியில் பாலாற்றையும் காட்டுவீர்கள். அதற்குப் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அந்த பில்லை யூசியில் சொருகாமல் சட்டைப் பையிலிருந்தே கொடுத்துவிடுங்கள்.